ஐந்தடி ஒன்று: குட்டையாக இருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் உயரம் 5 அடி 1 அங்குலம். வயது 44. ரங்கூன் பாயினவுங் மொத்தச் சந்தையில் உளுந்துக்கும் துவரைக்கும் தரகு பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. இந்தக் கேள்விகளைத் தொடங்கிவைத்தவன் என் அக்கா மகன். 15 வயது. இரவு பதினொரு மணிக்கு வைபரில் "மாமா, தூங்கிட்டீங்களா?" என்று வந்தால், அன்றைக்கு வகுப்பில் யாரோ அவனை ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள், தம்பிக்குப் பெண் தேடும் அண்ணன்கள் என்று ஆள் சேர்ந்துவிட்டது. ஒரே பதிலை எத்தனை முறைதான் தட்டுவது? மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். வைத்தியம் வருகிற இடத்தில் மட்டும், நான் டாக்டர் இல்லை, பருப்புத் தரகன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை அடி இருந்தால் 'குட்டை' என்று கணக்கு?

பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. 200 நாடுகளின் உயரத்தை ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அதன்படி பர்மாவில் ஆணின் சராசரி உயரம் சுமார் 165 சென்டிமீட்டர், பெண்ணுக்குச் சுமார் 154. இந்தியாவும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. நெதர்லாந்து ஆண்களுக்கு 182க்கு மேல். சச்சின் டெண்டுல்கர் 5 அடி 5. அவரை ரங்கூன் பஸ்ஸில் ஏற்றினால் சராசரி ஆள். ஆம்ஸ்டர்டாம் டிராமில் ஏற்றினால் குள்ளர்.

டாக்டர்கள் போடும் கோடு வேறு. ஒரே வயதுள்ள 100 ஆண் பிள்ளைகளையோ பெண் பிள்ளைகளையோ உயர வரிசையில் நிறுத்தினால், கடைசி இரண்டு மூன்று இடத்துக்குள் வருகிற பிள்ளையைத்தான் அவர்கள் குட்டை என்று குறிப்பார்கள். அதுவும் நோய் என்று அர்த்தமில்லை, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்பதற்காக.

நாம் இங்கே இன்னும் அடி அங்குலத்தில்தான் பேசுகிறோம், பருப்பை வீசையில்தான் நிறுக்கிறோம். (வெள்ளைக்காரன் இந்த நாட்டு எடைக்கு 'விஸ்' என்று எழுதிவைத்ததே நம் வீசையைத்தான்.) அடையாள அட்டையிலும் உயரத்துக்கு ஒரு வரி உண்டு. எனக்கு அட்டை எழுதியவர் தலை நிமிராமலே "உயரம்?" என்று கேட்டார். நான் 5 அடி 2 என்றேன். அவர் நிமிர்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஏட்டில் நான் இன்றைக்கும் 5 அடி 2தான்.

குட்டையாக இருந்தால் ஜனங்கள் உண்மையிலேயே வேறு மாதிரி நடத்துகிறார்களா, இல்லை நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

நடத்துகிறார்கள். ஆனால் பெரும்பாலோர் நினைக்கிற விதத்தில் இல்லை. குட்டை என்று யாரும் வெறுப்பதில்லை. நம் வயதைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மீதி எல்லாம் அதிலிருந்து வருகிறது.

சென்னையில் ஒரு வியாபாரியோடு எட்டு வருஷம் போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். என் குரல் கொஞ்சம் கனம். ஒரு தடவை சரக்கைப் பார்க்க அவர் நேரிலேயே வந்துவிட்டார். நான் கடை வாசலில் ஒரு மூட்டையில் குத்தூசி போட்டு, சரிந்து வந்த உளுந்தை உள்ளங்கையில் பரப்பி, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகள் என் தலைக்கு மேல் இரண்டு வரிசை. வந்தவர், "தம்பி, முதலாளி உள்ளே இருக்காரா?" என்றார். "வாங்க, உட்காருங்க. நேத்து ராத்திரி பேசினோமே" என்றேன். குரல் காதில் விழுந்ததும் முகம் மாறியது. ஒரு கணம் என் தலைக்கு மேலே பார்த்தார், குரல் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதுபோல. அப்புறம், "ஐயா, நீங்களா!" என்றார். தம்பியிலிருந்து ஐயாவுக்கு ஐந்து வினாடி. என் உயரம் அந்த ஐந்து வினாடியில் மாறவில்லை.

இது பர்மாவில் இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் இங்கே பெயருக்கு முன்னால் ஒட்டுகிற சொல்லே வயது ஏணி. சின்னப் பையன் என்றால் மவுங், வாலிபன் கோ, பெரியவர் ஊ. தெரியாத ஆளைக் கூப்பிடுவதும் அப்படித்தான்: ஞீலே என்றால் தம்பி, அக்கோ என்றால் அண்ணன், ஊலே என்றால் மாமா. என்னோடு பத்தாவது படித்தவனை டீக்கடைப் பையன் ஊலே என்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என்னை, முகத்தை நிமிர்த்திப் பார்க்கிறவரைக்கும், ஞீலே என்கிறான். தமிழில் ஒரு 'ங்க' போட்டுச் சமாளித்துவிடலாம். பர்மியத்தில் முதலில் வயதைத் தீர்மானித்தால்தான் வாயே திறக்க முடியும்.

இது தலைகீழாகவும் வேலை செய்கிறது. 1968இல் ஆஸ்திரேலியாவில் பால் வில்சன் என்ற ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். ஒரே மனிதரை ஐந்து மாணவர் குழுக்களிடம் காட்டினார். ஒரு குழுவிடம் அவர் ஒரு மாணவர் என்றார், இன்னொரு குழுவிடம் விரிவுரையாளர், கடைசிக் குழுவிடம் பேராசிரியர். அவர் போன பிறகு, "உயரம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். பதவி ஏற ஏற, மதிப்பிட்ட உயரமும் ஏறியது. மாணவர் என்று அறிமுகமானதற்கும் பேராசிரியர் என்று அறிமுகமானதற்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம். ஐந்து வருஷம் பால் குடித்தாலும் எனக்கு வராத இரண்டரை அங்குலம்!

வாடா போடா என்றோ 'தம்பி' என்றோ கூப்பிட்டால் என்ன செய்வது? சண்டை போடலாமா?

சண்டை வேண்டாம். ஆனால் விட்டுவிடவும் கூடாது, முக்கியமாகத் தொழிலில். முதல் ஐந்து நிமிஷத்தில் விட்டால் ஐந்து வருஷத்துக்கு அதுதான் உங்கள் பெயர். நான் செய்வது இது: அவர் தம்பி என்றால், நான் பதிலில் என் வயதை எங்கேயாவது சொருகிவிடுவேன். "என் பெரிய பொண்ணு இந்த வருஷம் பத்தாவதுங்க." போதும். நம் ஆட்கள் கூச்சப்பட்டுத் தானாக மாறிவிடுவார்கள். பர்மியர்களிடம் இன்னும் சுலபம்: அவர் என்னைவிட இளையவர் என்று தெரிந்தால், நான் முந்திக்கொண்டு அவரை ஞீலே என்று கூப்பிட்டுவிடுவேன். ஒரே கணத்தில் ஏணி நேராகிவிடும். அவரும் சிரித்துக்கொண்டே அக்கோ என்பார்.

நிஜமாகவே வயதில் மூத்தவர் தம்பி என்றால் அது மரியாதைக் குறைவே இல்லை. அதற்கும் முறைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். 25 வயதில் நானே அப்படித்தான் இருந்தேன்.

பள்ளியில் 'பு' என்று கூப்பிடுகிறார்கள். மாமா, நீங்கள் என்ன செய்தீர்கள்?

(இது அக்கா மகன் கேட்டது. அப்படியே போடுகிறேன்.)

தெரியாதவர்களுக்கு: பர்மியத்தில் 'பு' என்று வெட்டிச் சொன்னால் குட்டை. கொஞ்சம் இழுத்து 'பூ' என்றால் சூடு. தமிழ்ப் பிள்ளைக்கு அது மலர். ஒரே எழுத்தில் மூன்று விஷயம். எனக்கு வைத்த பெயர் 'கலாபு'. கலா என்பது இந்திய முகம் உள்ளவர்களைச் சொல்வது. சொல்கிற தொனியைப் பொறுத்து அது வசவாகவும் மாறும். ஆக இரண்டு ஏச்சு ஒரே மூச்சில், காசு மிச்சம். காலை வரிசையில் உயரப்படி நிறுத்துவார்கள், வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி. பத்து வருஷமும் நான்தான் முதல் ஆள். கொடிக்கம்பத்தை என்னளவுக்குப் பக்கத்தில் பார்த்தவன் அந்தப் பள்ளியில் இருக்க முடியாது.

நான் என்ன செய்தேன்? முதலில் அடித்தேன், அடி வாங்கினேன். அப்புறம் எல்லோருக்கும் முன்னால் நானே என்னைக் கிண்டல் செய்துகொள்ள ஆரம்பித்தேன். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதில் ஒரு வம்பு இருக்கிறது, இப்போதுதான் புரிகிறது: நீயே உன்னைக் கேலி செய்தால் மற்றவர்கள் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வார்கள், முப்பது வருஷம் கழித்தும் கல்யாண வீட்டில் வந்து "டேய் கலாபு" என்பார்கள். ஆகையால் உனக்குச் சொல்வது: ஒரு தடவை, சிரிக்காமல், "என் பேரைச் சொல்லு" என்று சொல். தினமும் துரத்தித் துரத்திச் செய்கிறான் என்றால் அது பட்டப்பெயர் இல்லை, தொல்லை. ஆசிரியரிடம் போ. எங்கள் காலத்தில் போக மாட்டோம், அது வீரமும் இல்லை.

தலையில் தட்டுகிறார்கள், முடியைக் கலைக்கிறார்கள். பாசமா, கேலியா?

கை எட்டுகிற உயரத்தில் ஒரு தலை இருந்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. தமிழ் வீட்டில் இதைச் செல்லம் என்பார்கள். ஆனால் நாம் இருக்கிற ஊரில் தலை புனிதமான இடம். வளர்ந்த ஆளின் தலையில் கை வைப்பது பர்மியருக்குப் பெரிய அவமரியாதை. அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். என் தலையில் தட்டிய சொந்தக்காரர் ஒருவரிடம், "அண்ணே, இந்த ஊர்ல பொறந்து இந்த ஊர்ல வளர்ந்துட்டு இது தெரியாதா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் தோளில்தான் தட்டுகிறார்.

இதே வழக்கத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் முன்னால் நடந்தால் குனிந்து போக வேண்டும், நம் தலை அவர்கள் தலைக்கு மேலே நிற்கக் கூடாது. நான் குனிந்து போனால், "நீ நிமிர்ந்தே போகலாம்" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிப்பேன். குனிவதை மட்டும் விடுவதில்லை, அது வேறு கணக்கு.

உயரமானவர்களுக்குச் சம்பளம் அதிகம் என்கிறார்களே, நிஜமா?

சராசரியாகப் பார்த்தால், ஆமாம். 2004இல் டிமத்தி ஜட்ஜ், டேனியல் கேபிள் என்ற இருவர் அமெரிக்கா, பிரிட்டன் தகவல்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஓர் அங்குலத்துக்கு வருஷத்தில் சுமார் 789 டாலர் வித்தியாசம் வந்தது. இந்த ஒரு எண்தான் எங்கே பார்த்தாலும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அக்கா மகனும் இதைத்தான் அனுப்பினான்.

ஆனால் அதே வருஷம் நிக்கோலா பெர்சிகோவும் கூட்டாளிகளும் இன்னும் சுவாரசியமான ஒன்றைக் கண்டார்கள். வளர்ந்த பிறகு எவ்வளவு உயரம் என்பதைவிட, 16 வயதில் எவ்வளவு உயரமாக இருந்தார் என்பதுதான் பின்னால் சம்பளத்தோடு ஒட்டிப்போகிறது. லேட்டாக வளர்ந்து எல்லோரையும் எட்டிப்பிடித்தவருக்கும் அந்தப் பள்ளிக்கூடக் குட்டையின் கணக்கு தொடர்கிறது. விளையாட்டிலும் சங்கங்களிலும் சேராமல் ஒதுங்கியதுதான் காரணத்தில் ஒரு பகுதி என்று அவர்கள் சொல்கிறார்கள். 15 வயதில் நீ எவ்வளவு உயரம் என்பது உன் கையில் இல்லை. கால்பந்துக் குழுவில் பேர் கொடுப்பது உன் கையில்தான் இருக்கிறது. (கொடுத்தாயா? இன்னும் பதில் வரவில்லை.)

2008இல் ஆன் கேஸ், கிறிஸ்டினா பாக்ஸன் வேறொரு பக்கம் காட்டினார்கள்: சின்ன வயதில் நல்ல சாப்பாடும் ஆரோக்கியமும் கிடைத்த பிள்ளை உயரமாகவும் வளர்கிறது, படிப்பிலும் முன்னே போகிறது. சம்பளம் அங்கிருந்து வருகிறது, எலும்பிலிருந்து இல்லை. நம் நாட்டுக்கு இது முக்கியம். பர்மாவில் 2015-16இல் எடுத்த மக்கள் நல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 29 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். அது பரம்பரை இல்லை, பசி.

உளுந்திலும் எஸ்.க்யூ. என்கிற உயர் ரகத்துக்கு, எஃப்.ஏ.க்யூ. என்கிற சாதாரண ரகத்தைவிட விலை கூடத்தான். ஆனால் அங்கே கையில் அள்ளிப் பார்த்து, தரத்தைச் சோதித்து விலை வைக்கிறோம். மூட்டையின் உயரத்தைப் பார்த்து வைப்பதில்லை.

குட்டையான பையனுக்குப் பெண் கிடைக்காதா?

கிடைக்கும், கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும். ரங்கூன், பெகு, மோல்மேன், தாட்டோன் என்று எல்லாம் சேர்த்தாலும் நம் ஜனம் குறைவு. அதில் சாதி, கோயில், ஊர் என்று வடிகட்டி, கடைசியில் 'பையன் பெண்ணைவிட உயரமாக இருக்கணும்' என்று இன்னொரு சல்லடை போட்டால் என்ன மிஞ்சும்? எனக்கு மூன்று இடம் தட்டிப்போனது. ஒரு வீட்டில் உள்ளே காபி ஆற்றிக்கொண்டே, "பையன் உட்கார்ந்திருக்கானா, நிக்கிறானா?" என்று யாரோ கேட்டது எனக்கே கேட்டது.

என் மனைவி 5 அடி 3. மணையில் உட்கார்ந்திருக்கிறவரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வரவேற்பில் நின்றபோதுதான் போட்டோக்காரர் நெளிந்தார். "அக்கா, நீங்க ஒரு படி கீழே இறங்கி நின்னா நல்லாயிருக்கும்" என்றார். "எதுக்கு? நாளைக்கு வீட்டுல படி வெச்சா நடக்கப்போறோம்?" என்றாள். அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவளுடைய பூச்சரம் சேர்த்தால் வித்தியாசம் ஐந்து அங்குலம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஜாதகத்தோடு கொடுக்கிற குறிப்பில் உயரத்தைக் கூட்டி எழுதாதீர்கள். நான் அடையாள அட்டையில் செய்ததை இங்கே செய்ய முடியாது, இங்கே நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பெண்களுக்கும் இதே கஷ்டமா?

கல்யாணப் பேச்சில் குறைவு, வேலை இடத்தில் அதிகம் என்றுதான் எனக்குத் தெரிந்த பெண்கள் சொல்கிறார்கள். என் சின்ன அக்கா 4 அடி 10. கணக்கு எழுதுகிறவள். பாங்க் போனால் "வீட்டில் பெரியவங்க யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள், அவளுக்கு அப்போது 38. ஆணைத் தம்பி என்கிறார்கள் என்றால் பெண்ணைப் 'பாப்பா' ஆக்கிவிடுகிறார்கள். அவள் கண்டுபிடித்த வைத்தியம், பேசுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வது. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னும் வளர வழி உண்டா?

பிள்ளை வளர்கிற வயதில் இருந்தால் முதலில் எதிர்பார்க்கிற உயரத்தைக் கணக்குப் போடுங்கள். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, பெண் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 165, அம்மா 152 என்றால் பையனுக்கு 165 வருகிறது, பெண்ணுக்கு 152. இதிலிருந்து மேலேயோ கீழேயோ எட்டுப் பத்து சென்டிமீட்டர் போகலாம். உயரத்தில் சுமார் 80 சதவீதம் பரம்பரை என்கிறார்கள், அதுவும் ஏதோ ஒரு மரபணு இல்லை. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2022இல் வந்த ஆய்வில், மரபணுத் தொகுதியில் 12,000க்கும் மேற்பட்ட இடங்கள் உயரத்தோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. ஆகவே 'உன் மாமாவைக் கொண்டு பிறந்துவிட்டாய்' என்று என் அக்கா சொல்வதில் கொஞ்சம்தான் உண்மை.

பிள்ளை தன் வயதுக் கோட்டை விட்டுக் கீழே சரிந்துகொண்டே போனாலோ, வருஷத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர்கூட ஏறாமல் நின்றுவிட்டாலோ குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, குடல் நோய், வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. லயனல் மெஸ்ஸிக்குச் சின்ன வயதில் ஹார்மோன் குறைவு இருந்தது, ஊசி போட்டார்கள். இதெல்லாம் எலும்பு முனைகள் மூடுவதற்கு முன்னால்தான். பெண்களுக்குப் பெரும்பாலும் 14, 16 வயதிலும் ஆண்களுக்கு 16, 18 வயதிலும் மூடிவிடும். கை கால் எலும்புகள் பிறவியிலேயே குறுகி இருக்கிற நிலை வேறு விஷயம். அதை இந்தப் பேச்சோடு போட்டுக் குழப்பக் கூடாது.

எலும்பு மூடிய பிறகு மாத்திரை, பவுடர், கம்பியில் தொங்குவது எதுவும் வளர்க்காது. பேஸ்புக்கில் விற்கிற 'உயர மாத்திரை'யை நான் 19 வயதில் வாங்கியிருப்பேன், நல்லவேளை அப்போது பேஸ்புக் இல்லை. தொங்கினால் முதுகெலும்பு இடைத்தட்டுகள் சற்று விரியும், நடந்தால் திரும்ப அமுங்கும். காலையில் எழுந்ததும் எல்லோருமே மாலையைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடத்தான் இருக்கிறோம். பெண் பார்க்கும் படலத்தைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.

கால் எலும்பை வெட்டி நீட்டுகிற அறுவை சிகிச்சை நிஜமானது. ரஷ்யாவில் இலிசாரோவ் என்ற டாக்டர் உடைந்த எலும்புகளைச் சேர்ப்பதற்காக உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுப்பார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு ஐம்பது நாள், அப்புறம் எலும்பு இறுக மாதக்கணக்கு. வலி, சீழ், நரம்புச் சேதம் எல்லாம் வரக்கூடும், செலவும் பெரிது. இரண்டு அங்குலத்துக்காக வீட்டை விற்பதா என்று கேட்டால், நான் விற்க மாட்டேன்.

உள்ளே அட்டை வைத்த ஷூ?

பர்மாவிலா? கோயிலில் கழற்ற வேண்டும், பகோடாவில் சாக்ஸோடு கழற்ற வேண்டும், யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்ற வேண்டும். வாசல் இந்தப்பக்கம் 5 அடி 3, அந்தப்பக்கம் 5 அடி 1. உங்களைத் தெரியாதவர்களுக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும்.

குட்டையான ஆளுக்குக் கோபமும் சூழ்ச்சியும் அதிகம் என்பது?

'கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே' என்று நம் மொழியிலேயே ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். மூன்றடி மண் கேட்டு உலகத்தையே அளந்த வாமனர் கதை வேறு. மகாபலி தரப்பிலிருந்து பார்த்தால் பழமொழி சரிதான்.

வெள்ளைக்காரர்கள் இதற்கு நெப்போலியன் பெயரை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர் குள்ளரே இல்லை. பிரெஞ்சு அங்குலம் பெரியது. அந்த அளவில் 5 அடி 2 என்று எழுதியதை இங்கிலீஷ் அளவாக வாசித்துவிட்டார்கள். இன்றைய கணக்கில் 168 சென்டிமீட்டர் வரும், பர்மியச் சராசரிக்கு மேலே. கோபத்தைப் பொறுத்தவரை, எனக்கு வருகிறது. ஆனால் உயரமான என் பங்காளிக்கு வருகிற கோபத்தை 'ஆள் கறாரானவர்' என்கிறார்கள், எனக்கு வந்தால் 'குள்ளனுக்குத் திமிர்' என்கிறார்கள். ஒரே கோபம்தான்.

குட்டையாக இருப்பதில் நன்மையே இல்லையா?

டீக்கடை! ரங்கூன் டீக்கடை முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலியில் நடப்பது. ஆறடி ஆள் வந்து உட்கார்ந்தால் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் போகும், குடிக்கிற டீ எங்கே இறங்கும் என்று தெரியாது. எனக்கு அது அளவெடுத்துச் செய்தது. பேரம் பேச வேண்டிய ஆட்களை நான் எப்போதும் அங்கேதான் கூட்டிப்போவேன். உட்கார்ந்தவுடன் இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், அவர்தான் வசதியில்லாமல் நெளிவார். தட்டில் இருக்கிற மோஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) தீர்வதற்குள் விலை முடிந்துவிடும்.

அலுவலக நாற்காலி நேர் எதிர். நாற்காலிக்குப் பர்மியத்தில் கலாதைங், கலாக்காரன் உட்காருவது என்று அர்த்தம் சொல்வார்கள். அந்தக் கலாவின் கால் இங்கே தரையில் படுவதில்லை. அங்கே கூப்பிட்டால் நுனியில் உட்காருவேன், இல்லாவிட்டால் நின்றே பேசிவிடுவேன்.

லுங்கியும் நம் பக்கம். எல்லோருக்கும் ஒரே அளவு, இடுப்பில் ஒரு மடிப்புக் கூடப் போட்டால் ஆயிற்று. பேன்ட் என்றால் தையல்காரர் காலில் அரை முழம் வெட்டித் தருவார், வெட்டிய துண்டையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார், என்ன நினைத்துக் கொடுப்பாரோ.

உடம்பு விஷயம் சமமாகத்தான் போகிறது: உயரமானவர்களுக்குச் சில புற்றுநோய்களும் இரத்தக்கட்டும் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல், குட்டையானவர்களுக்கு இருதய நோய் சற்றுக் கூடுதல்.

உயரம் பார்த்து வேலை மறுக்கலாமா?

சில வேலைக்குக் காரணம் இருக்கும்: விமானத்தில் மேல்பெட்டிக்குக் கை எட்ட வேண்டும், அதைச் சோதிப்பார்கள். மற்றதெல்லாம் வழக்கம்தான். வழக்கம் மாறும்: 1914இல் பிரிட்டிஷ் பட்டாளம் 5 அடி 3க்குக் கீழே ஆள் வேண்டாம் என்றது, போரில் ஆள் குறைந்ததும் அதே குட்டையானவர்களை வைத்துத் தனிப் படைப்பிரிவுகளே அமைத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1977 முதலும் நியூயார்க் நகரத்தில் 2023 முதலும் உயரம் பார்த்து வேலை மறுப்பது சட்டப்படி தப்பு.

பஸ்ஸில் கைப்பிடி எட்டவில்லை. என்ன செய்வது?

லைன்கார் என்கிற பழைய பஸ்களில் கூரை தாழ்வு. உயரமானவர்கள் கழுத்தை மடித்துக்கொண்டு போவார்கள், நான் ராஜா மாதிரி நிமிர்ந்து நிற்பேன். 2017இல் ஒய்.பி.எஸ். (ரங்கூன் பஸ் சேவை) என்ற புதிய பஸ்கள் வந்தன, கூரை உயர்ந்தது, கைப்பிடியும் உயர்ந்தது. இப்போது கதவை ஒட்டி இருக்கிற நேர்க்கம்பிதான் நம் இடம். முதல் நிறுத்தத்திலேயே ஏறினால் பிடித்துவிடலாம். ஒரே ஒரு சிக்கல், அதே கம்பியை என் தலைக்கு மேலே கை நீட்டி இன்னொருவர் பிடிப்பார், அவர் கக்கம் என் மூக்குக்கு நேராக வந்து நிற்கும். ஏப்ரல் மாதம் மட்டும் நான் நடந்துதான் போகிறேன்.